ஒரு வாட்ச்மேன், ரெண்டு கேட்

ஆபீஸ்ல கொஞ்ச நாளா ஆணி ஓவர் மக்களே. அதுல ஒரு ஆணியைப் பத்தி மட்டும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

மோட்டாரைச் சோதிக்க லினக்ஸ் பெட்டியில ஓடுற பழைய பைத்தான் நிரல் அது. விண்டோ எல்லாம் டிகே. பிற்பாடு வரைபடம் அழகா வேணும்னு யாரோ க்யூட்டியில ஒரு விண்டோ சேர்த்திருந்தாங்க. அங்கதான் வில்லங்கம்.

எந்த டூல்கிட்டுக்கும் உள்ள ஒரு ஈவென்ட் லூப் இருக்கும். மவுஸ் க்ளிக், டைமர்னு ஏதாவது வர்ற வரைக்கும் தூங்கும். வந்தா எழுந்து வேலையை முடிச்சுட்டு மறுபடி தூங்கும், நம்ம கேட் வாட்ச்மேன் மாதிரி. டிகே-யோட மெயின்லூப்பைக் கூப்பிட்டா, விண்டோவை மூடாம அடுத்த வரிக்கே வராது. க்யூட்டியும் அதே ரகம். த்ரெட் ஒண்ணு, அதனால வாட்ச்மேனும் ஒருத்தர். ஆனா கேட் ரெண்டு!

"ஆளுக்கொரு த்ரெட் குடுத்துடலாமே?"ம்பீங்க. விண்டோ வேலையெல்லாம் மெயின் த்ரெட்லதான் நடக்கணும்னு க்யூட்டி அடம் பிடிக்கும்.

நிரல்ல ஏற்கெனவே ஒரு கைவைத்தியம் இருந்துச்சு. 20 மில்லி செகண்டுக்கு ஒருதடவை டிகே-யோட டைமர் க்யூட்டியைக் கூப்பிட்டு, "ஏதாவது வந்திருக்கா?"ன்னு பார்த்துட்டு வரும். ஈ காக்கா இல்லாத ராத்திரியிலயும் வாட்ச்மேன் செகண்டுக்கு 50 தடவை ஓடணும். பாவம் :-)

அதுகூடப் பரவாயில்ல. க்யூட்டி பக்கம் "சேமிக்கவா?"ன்னு ஒரு டயலாக் திறந்தா, அது தனக்குள்ளயே இன்னொரு லூப்பை ஓட்டும். அதை மூடுற வரைக்கும் டிகே-க்கு உயிர் கிடையாது. "நிறுத்து" பட்டன் இருக்கிறதோ டிகே விண்டோவுல. மோட்டார் சுத்திட்டே இருக்கு, பட்டன் அசையல! மேஜையில தனியா ஒரு சிவப்பு பட்டன் இருந்ததால தப்பிச்சோம்.

2006-ல வந்த க்யூட்டி 4.2, லினக்ஸ்ல ஜிலிப்-ஓட லூப்பையே பயன்படுத்த ஆரம்பிச்சது. ஜிடிகே நிக்கிறதும் அதே ஜிலிப் மேலதான். ரெண்டு கேட் பெல்லும் ஒரே ரூம்ல அடிக்கும். யாராவது ஒருத்தர் "என் லூப்"ங்கிற வீம்பை விட்டாத்தான் இது நடக்கும். டிகே தானா அந்த ரூமுக்கு வராது.

அதனால வரைபடத்தைத் தனி ப்ராசஸாப் பிரிச்சு, நடுவுல ஒரு பைப் போட்டாச்சு. இப்ப கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன். "இது அழகாவே இல்ல"ங்கிறார் டீம்ல ஒருத்தர். இருக்கட்டும். "நிறுத்து"ன்னா மோட்டார் நிக்குது.