அணியத்துப் பாரம்

படகின் முன்பகுதியை எங்கள் கரையில் அணியம் என்பார்கள், பின்பகுதி அமரம். இவ்விரண்டுக்கும் நடுவே பாரத்தை எப்படிப் பகிர்ந்து வைப்பது என்பதுதான் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நாங்கள் மறந்ததையும், அதற்கு அப்பா கொடுத்த விலையையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறோம். நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். ஒருவர் கடலுக்குப் போகிறவர். மற்றவர் நாகர்கோவிலில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் வாசிக்கிறவர். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும் நடந்ததில் இருவருக்கும் சமபங்கு உண்டு.

அப்பா கட்டுமரத்தில் வளர்ந்தவர். மரங்களைக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்தில் தண்ணீர் இடுக்குகள் வழியே ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். ஆள் நகர்ந்தால் மரமும் சாயும். ஆகவே அங்கே ஆள்தான் பாரம், ஆள்தான் சமன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோது அப்பாவும் அதற்கு மாறினார். 22 அடிப் படகு, 9.9 குதிரைத்திறன் எஞ்சின். நிதானமாகப் போய் நிதானமாகத் திரும்பும். அதனால் அவருக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை.

வேகம் வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள். முதலில் கரை சேரும் மீனுக்கு ஏலத்தில் கிடைக்கும் விலை, கடைசியில் வரும் மீனுக்குக் கிடைப்பதில்லை. 2019-இல் கடன் வாங்கி, 25 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின் ஒன்றைப் பொருத்தினோம். முதல்நாள் கைப்பிடியை முறுக்கியதும் படகு சீறிக் கிளம்பியது. சற்று நேரத்தில் அணியம் மேலே தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. கடல் கண்ணாடிபோல் கிடந்த நாள் அது. அலையே இல்லாத கடலில் எங்கள் படகு மட்டும் அலைமேல் ஏறி இறங்குவதுபோலப் போயிற்று. திருப்பினால் எஞ்சின் வெற்றுக் காற்றில் அலறும். படகு பக்கவாட்டில் வழுக்கும்.

“அணியத்துல பாரம் இல்ல மக்களே. அதான் ஓங்கலு மாதிரி குதிக்கி” என்றார் அப்பா.

பின்னாளில் தேடிப் படித்தபோது அவர் சொன்ன உவமையே அந்தக் கோளாறின் பெயராகவும் இருப்பதைக் கண்டோம். ஆங்கிலத்தில் அதைப் பார்ப்பாய்சிங் என்கிறார்கள். பார்ப்பாய்ஸ் என்பது ஓங்கலுக்கு உறவான கடல்விலங்கு. பன்றி, மீன் என்னும் பொருளுடைய இரு லத்தீன் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. தமிழிலும் நாம் கடற்பன்றி என்றுதான் சொல்கிறோம்.

அப்பா சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் தாமே போய் அணியத்தில் உட்கார்ந்துகொண்டார். துள்ளல் நின்றுவிட்டது! கட்டுமரத்தில் ஐம்பதாண்டு பழகிய உடம்பு, படகுக்கு எங்கே எடை வேண்டும் என்று அறிந்திருந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். ஏழு நாட்கள் அவரை அங்கேயே உட்காரவைத்து, நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டினோம். ஏழு நாளும் ஏலத்தில் முந்தினோம். எட்டாம் நாள் திரும்பி வரும்போது, தூரத்தில் போன கப்பல் ஒன்றின் அலை குறுக்கே வந்தது. அணியம் எழுந்து அறைந்தது. அப்பா பலகையிலிருந்து ஒரு முழம் மேலே போய் உட்கார்ந்தபடியே விழுந்தார். முதுகின் முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. வேகப்படகில் மிக அதிகமாக அடிபடும் இடம் முன்பகுதிதான் என்று மருத்துவர் சொன்னார். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மருத்துவர் தேவைப்பட்டார்.

அதன்பிறகு படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டோம். 1964-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் சாவிட்ஸ்கி எழுதிய கட்டுரை ஒன்று, நீர்மேல் வழுக்கி ஓடும் படகுகளைப் பற்றியது. அதிலுள்ள கணக்குகள் எங்களுக்கு முழுதும் எட்டவில்லை, சாரம் எட்டியது. மெதுவாகப் போகும் படகு நீரில் மிதக்கிறது. வேகமெடுத்த படகோ நீரின்மேல் ஏறி, அடிப்பகுதியின் பின்பாகத்தை மட்டும் ஊன்றி ஓடுகிறது. எடை பின்னால் மிகுந்தால் அணியம் தூக்கும். தூக்கத் தூக்க ஊன்றும் இடம் குறையும். தாங்குவாரற்று அணியம் விழும். விழுந்ததும் ஊன்றும் இடம் பெருகி மறுபடி தூக்கும். ஒவ்வொரு வேகத்துக்கும் பாரத்துக்கும் அணியம் இவ்வளவுதான் தூக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் துள்ளல் தொடங்கும்.

எல்லையைத் தாண்டவைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடினோம். பின்தட்டின் அடியில் மிதப்புக்காக அடைத்திருந்த நுரைப்பொருள், திருகாணித் துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. தோண்டி எடுத்தோம், நாற்றம் தாங்கவில்லை. எஞ்சினின் சாய்வை நிறுத்தும் ஊசி கடைசித் துளையில் இருந்ததால் விசிறி படகை முன்னால் தள்ளுவதோடு அணியத்தையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கொத்தனாரிடம் ஆறடி மட்டப்பலகையை இரவல் வாங்கி அடிப்பகுதியின் பின்பாகத்தில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தோம். பலகை நடுவில் தொட்டு இருமுனையிலும் ஆடியது. நேராக இருக்கவேண்டிய அடி, தொட்டில்போல் வளைந்திருந்தது. பழைய எஞ்சின் காலத்தில் அந்த வளைவு யாருக்கும் தீங்கு செய்யவில்லை. மெதுவாகப் போகிறவரை படகு தன் குறையை மறைத்து வைத்திருந்தது.

பாயும் ரெசினும் கொண்டு பின்விளிம்பில் இருபுறமும் மெல்லிய ஆப்புபோல் ஏற்றி, தேய்த்து, வளைவைச் சரிக்கட்டினோம். எஞ்சினுக்கு அடியில் கிடந்த பழைய மரத்துண்டை எடுத்து இரண்டு விரற்கடை இறக்கினோம். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடியோடு ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்ததும், திருப்பும்போது காற்றை உறிஞ்சி அலறுவது நின்றது. ஊசியை முதலில் ஒரேயடியாக உள்துளைக்குக் கொண்டுபோய் அவதிப்பட்டோம். பின்னாலிருந்து அலை தள்ளியபோது அணியம் நீரில் புதைந்து, படகு தன் விருப்பத்துக்குத் திரும்பப் பார்த்தது. அது துள்ளலைவிட ஆபத்தானது. நடுத்துளையே சரியாக அமைந்தது. கடைசியாக, எரிபொருள் குழாயை நீட்டிக் கேனை முன்னால் நகர்த்தினோம். ஐஸ் பெட்டியையும் அதனருகே வைத்துக் கட்டினோம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தோம். இல்லாவிட்டால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

அப்பா சொன்னதில் பிழையில்லை. பாரம் அணியத்தை நோக்கித்தான் போகவேண்டியிருந்தது. ஆனால் கட்டுமரத்தின் வேகத்தில் மனிதன் பாரமாக இருக்கலாம். நாங்கள் கேட்ட வேகத்தில் இருக்கக்கூடாது. அறிவு அவருடையது, வேகம் எங்களுடையது. இரண்டையும் ஒரே படகில் ஏற்றிவிட்டு, அவற்றைப் பொருத்தும் வேலையை அவர் முதுகிடம் விட்டுவிட்டோம்.

சரிசெய்த படகை முதன்முறை இறக்கிய அன்று, இடுப்புப் பட்டையோடு அப்பா கரைக்கு வந்து மணலில் நின்றார். உட்கார அவரால் முடியாது. முழு வேகத்தில் ஓடி, இருபுறமும் திருப்பிக் காட்டித் திரும்பினோம். படகு கோடு கிழித்ததுபோலப் போயிற்று.

“அணியத்துல என்ன வச்சிருக்கிய?” என்று கேட்டார்.

“எண்ணெக் கேனும் ஐஸ் பெட்டியும் அப்பா.”

படகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதானா?” என்றார்.

நாங்கள் கயிற்றைப் பிடித்துப் படகை மணலில் இழுத்துக்கொண்டிருந்தோம். அவரும் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்றோம்.