மெழுகுவர்த்தி ஆராதனையும் நம் கேமராக்களும்



கிறிஸ்மஸ் மெழுகுவர்த்தி ஆராதனை நெருங்கும்போதெல்லாம், "ஐயா, அந்த வெளிச்சத்தில் படம் தெளிவாக விழ எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. கேமராவோடு நெடுநாள் பழகியவன் என்பதால், இவ்வாரம் அதற்கே விடை எழுதுகிறேன்.

முதலாவது, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவிலேயே உள்ள சிறிய ஃபிளாஷின் ஒளி சில மீட்டருக்கு அப்பால் பயன்படாது. பின்வரிசையிலிருந்து எடுத்தால் முன்னிருப்போரின் தலைகள் வெளுத்துத் தெரியும். பாடகர் குழுவோ இருளிலேயே நிற்கும். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. பீடத்தருகே நிற்கும் எனக்குச் சபை முழுவதும் தெரியும். அவ்வாண்டில் தமக்கு அன்பானவரை அடக்கம் செய்தவர்கள் பலர், அந்த அரையிருளில்தான் கண்ணீர்விடத் துணிகிறார்கள். அந்த இருள் அவர்களுக்கு ஒரு போர்வை. ஃபிளாஷ் அதை நொடியில் பறித்துவிடுகிறது.

அப்படியானால் ஒளிக்கு என்ன செய்வது? புதிய கேமராவைவிட நல்ல லென்ஸே இங்கு உதவும். கேமராவோடு கிடைக்கும் 18-55 மி.மீ. லென்ஸ், 55-இல் எஃப்/5.6 அளவே திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். லென்ஸ்களில் விலை குறைந்தவற்றுள் அதுவும் ஒன்று. பாடகர் குழு முழுவதையும் எடுக்க விரும்பினால் 35 மி.மீ. ஏற்றது.

கையிலுள்ள மெழுகுவர்த்தி முகத்தருகே எரியும்போது, எஃப்/1.8, 1/60 விநாடி, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்குங்கள். குழந்தை அசைந்துகொண்டிருந்தால் 1/125 விநாடியாக்கி, ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு உயர்த்துங்கள். படத்தில் சற்றுப் புள்ளிகள் தோன்றும்; அதற்கு அஞ்ச வேண்டாம். புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம், அசைவால் கலங்கிய முகத்தைத் திருத்துவது அரிது. லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பும் உங்கள் கைநடுக்கத்தை மட்டுமே தாங்கும். பாடுகிறவரின் அசைவை அது நிறுத்தாது.

ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 2500 முதல் 3000 கெல்வினுக்குள் வையுங்கள்; சுடரின் பொன்னிறம் காக்கப்படும். குவியத்திற்கு உதவும் சிறுவிளக்கையும் ஷட்டர் ஒலியையும் அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.

கைப்பேசி மட்டும் உடையவர்கள் வருந்த வேண்டியதில்லை. அதன் இரவு முறை, பல படங்களைத் தொடர்ந்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. ஆகையால் தூணிலோ இருக்கையின் முதுகிலோ கைகளை ஊன்றி அசையாமல் பிடியுங்கள். பாடலின் நடுவே எடுப்பதைவிட, அனைவரும் அமைதியாய் நிற்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். திரையில் முகத்தைத் தொட்டுக் குவியப்படுத்தி, சுடர் வெளுத்துப் போகாதபடி வெளிச்சத்தைச் சற்றே இறக்குங்கள்.

அன்பானவர்களே, இவையனைத்தும் இருக்கிற ஒளியைப் பொறுமையோடு வாங்கிக்கொள்ளும் வழிகளே. ஆலயத்தை நம் படத்திற்காக மாற்றாமல், நம் கருவியை ஆலயத்திற்கு ஏற்ப மாற்றுகிறோம். அருகில் துயரத்தோடு நிற்பவருக்கு நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதையும் அதுவே.

வீட்டிலேயே ஒரு மாலை, விளக்கணைத்து, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிப் பழகிப் பாருங்கள். ஆராதனையன்று நான்கைந்து படங்கள் போதும். பின்பு கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, உங்கள் மெழுகுவர்த்தியைக் கையில் எடுங்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.