எக்கியார்குப்பம்: உப்புக் காற்றில் எந்தப் புல் நிற்கும்?

மரக்காணத்தை அடுத்த மீனவர் கிராமம் எக்கியார்குப்பம். கிழக்கே கடல், பக்கத்தில் உப்பளங்களும் கழுவெளி ஏரியும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் கடலிலிருந்து மேற்கே நடந்தால், எந்தப் புல் எங்கே நிற்கும் என்பதை மண்ணே காட்டிவிடும்.

முதலில் மணல்மேடு. அங்கே ராவணன் மீசை படர்ந்திருக்கும். முள் போன்ற அதன் இலையை ஆடு கடிக்காது. மணல் பறக்காமல் பிடிப்பதே அதன் வேலை. அதை அழிக்கக் கூடாது.

அடுத்து உவர்த் தரை. உமரிச் செடியில் உப்பு அதிகம் என்பதால் அதை நம்பி மந்தையின் வயிற்றை நிரப்ப முடியாது. இங்கே கைகொடுப்பது அருகம்புல். உப்பையும் தாங்கும், சில நாள் தேங்கும் நீரையும் தாங்கும். ஆடு ஒட்டக் கடித்தாலும் மறுபடி துளிர்க்கும்.

இன்னும் மேற்கே, சவுக்கும் மணிலாவும் வரும் வடிகாலுள்ள மணல் நிலம். கொழுக்கட்டைப் புல்லுக்கு ஏற்ற இடம் இதுதான். வறட்சியைத் தாங்கி, மேய மேயத் தழைக்கும். ஆனால் தேங்கும் நீர் ஆகாது. இதை உவர்ப் பள்ளத்தில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைக்காசு வீணாகிவிடும்.

கோ-4 கம்பு நேப்பியர் ஆண்டுக்கு எக்டேருக்கு 375 முதல் 400 டன் வரை தரும் என்றதும் ஆசை வரும். அது பாசனத்தில் வளர்த்து அறுத்துப் போடும் புல், மேய்ச்சலுக்கானது அல்ல. உவர்நீர்க் கிணற்றை வைத்து அந்த மகசூலை எதிர்பார்க்க முடியாது. நல்ல தண்ணீர் இருந்தால் சில சென்டில் மட்டும் நட்டு, நறுக்கிக் கொடுக்கலாம்.

மேய்ச்சல் நிலத்துக்கு ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டை விதை போதும். புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும். 6 முதல் 8 மாதம் கழித்து விதைக்க வேண்டும். விதை லேசானது என்பதால் ஈர மணலோடு கலந்து தூவலாம். புரதத்துக்கு முயல்மசாலையும் சேர்த்து விதைக்கலாம். வேர் பிடிக்கும் வரை ஆட்டை விடக்கூடாது. பிறகு நிலத்தை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்கலாம்.

வளர்ந்த செம்மறி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். பத்து ஆடு என்றால் 30 முதல் 40 கிலோ. அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். புல்லின் பெயரை அதன்பின் முடிவு செய்யலாம்.