தங்கச்சிக்கு நினைத்த வீடு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

டிசம்பர் 26 நெருங்கினால் எங்கள் கரையோர ஊர்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அல்லாஹ் எங்களை எதுக்கு மிச்சம் வெச்சான்?" 2004இல், அந்தப் போயா தின ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரை இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று தோளோடு தோள் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். தமிழர், முஸ்லிம் என்று கடல் பார்க்கவில்லை.

நாங்கள் மருதமுனை. வாப்பா கைத்தறி நெசவாளர். ஆண்பிள்ளைகள் நாங்கள் இருவர், அப்போது 15 வயதும் 12 வயதும். தங்கச்சிக்கு ஏழு. பாடசாலை விடுமுறை என்பதால் அவள் கடற்கரைப் பக்கமிருந்த சாச்சி வீட்டில் நின்றாள். சாச்சியும் சாச்சாவும் மையித்தாகக் கிடைத்தார்கள். தங்கச்சி கிடைக்கவேயில்லை. வாப்பா நாட்கணக்கில் தேடினார். கடைசியில் அவளுக்குக் காயிப் ஜனாஸாதான் தொழுதோம். சாச்சியின் நாலு வயது மகளை மட்டும் யாரோ ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே வயல் பக்கம் ஓடியிருந்தார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்த நாட்களில் கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகப் பதிவான ஒரு கைக்குழந்தை உலகச் செய்தியானது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது தம்பதிகள் உரிமை கோரியதாகப் பத்திரிகைகள் எழுதின. வழக்கு நீதிமன்றம் போய், மரபணுப் பரிசோதனை செய்து, 2005 பெப்ரவரியில் பிள்ளை பெற்றோரிடம் சேர்ந்தது. சாச்சியின் மகளைத் தேடிவர வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. எங்கள் உம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தா. அவ்வளவுதான்.

சாச்சியின் மகளும் எங்கள் முறையில் தங்கச்சிதான். ஆனால் எங்கள் மார்க்கத்தில் எடுத்து வளர்க்கலாம், பிள்ளையின் வம்சத்தை மாற்றக் கூடாது. அவள் சாச்சாவின் பெயரையே தன் பெயரோடு வைத்துக்கொண்டு வளர்ந்தாள். உம்மாவைப் "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டாள், உம்மாவும் மாற்றச் சொல்லவில்லை. எங்களுக்கு அவள் மஹ்ரமும் அல்ல. அவள் பருவமடைந்ததும் நாங்கள் இருவரும் படுக்கையைப் பக்கத்து வளவிலிருந்த உம்மம்மா வீட்டுக்கு மாற்றிக்கொண்டோம்.

இனி வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் வயதான காலத்தில் மகளோடு இருப்பார்கள். ஆண்பிள்ளைகள் நாங்கள் வேறு வீட்டுக்குப் போகிறவர்கள். அதனால்தான் மகள் பிறந்த உடனே ஒரு நெசவாளிகூட கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குவார். இந்த வழக்கம் சரியா என்பது வேறு விவாதம், அதை எதிர்த்து நாங்களும் எழுதியிருக்கிறோம். எங்கள் வாப்பாவும் பிரதான வீதிக்கு மேற்கே ஒரு துண்டு வளவு வாங்கி, சாரன் நெய்த காசில் தங்கச்சிக்கு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். அலை வந்தபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அந்த மட்டத்திலேயே நின்றுவிட்டது.

பதினெட்டு வருடம் அப்படியே நின்றது. விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் உம்மா ஒரே பதில்தான் சொல்வா. "அது அவட வீடு."

2023இல் சாச்சியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல பிள்ளை. வந்தவர்கள் மெல்லக் கேட்டார்கள், "பொண்ணுக்கு வீடு இருக்கா?" வாப்பா நிலத்தைப் பார்த்தார். நாங்களும் வாய் திறக்கவில்லை. அந்தச் சுவரைப் பற்றிப் பேச உம்மாவைத் தவிர வேறு யாருக்கும் உரிமையில்லை என்று எங்களுக்குத் தெரியும். மூன்று நாள் உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு முசல்லாவிலிருந்தே சொன்னா:

"அவ இருந்தா இவளுக்கு ஒரு அறையாவது குடுத்திருப்பாதானே."

பிறகு வேலை நிற்கவில்லை. நாங்கள் இருவரும் சம்பளத்தில் கடன் எடுத்தோம். கூரை போட்டது, தரை போட்டது எல்லாம் எட்டு மாதத்தில். வளர்த்த பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை என்பதால், உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாக உறுதி எழுதினார்கள். நொத்தாரிசு அவள் பெயரை அவளுடைய வாப்பா பெயரோடு வாசித்தபோது உம்மா தலையாட்டினா.

நிக்காஹ் நாளில் ஒரு உறவுக்காரப் பெண், "மகள் போனாலும் அல்லாஹ் இன்னொரு மகளைத் தந்திட்டான்" என்றா. உம்மா உடனே சொன்னா, "அப்படிச் சொல்லாதீங்க. ஒண்டுக்கு ஒண்டு சரி எண்டு கணக்குப் பாக்க ஏலாது. அவ அவதான். இவ இவதான்."

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் விக்டர் பிராங்கல் பற்றிப் படித்தோம். நாசி முகாம்களில் தாய், தந்தை, சகோதரன், மனைவி எல்லோரையும் இழந்த வியன்னா மருத்துவர். வாழ்க்கையின் அர்த்தம் என்னவென்று நாம் கேட்பதைவிட, வாழ்க்கை நம்மிடம் கேட்பதற்கு நாம் என்ன பதில் கொடுக்கிறோம் என்பதே முக்கியம் என்றார். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற உம்மாவிடம்தான் அதன் விளக்கத்தைப் பார்த்தோம்.

ஏன் மிச்சம் வைத்தான் என்பதற்கு உம்மாவிடம் இன்றும் பதில் இல்லை. "அது அவன்ட அறிவு" என்பா. ஆனால் தங்கச்சிக்கென்று சேர்த்து வைத்த பாசம் அவளோடு மவுத்தாகவில்லை. அது ஜன்னல் மட்டத்தில் நின்ற சுவர் மாதிரி ஆளில்லாமல் காத்துக் கிடந்தது. பிள்ளை அமானத் என்றால், பிள்ளைக்கென்று நம்மிடம் தந்த பாசமும் அமானத்தான். அதைப் பூட்டி வைக்க முடியாது, சேர வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். இழந்தவர் யாராவது இதை வாசித்தால், அவசரமில்லை. எங்கள் உம்மாவுக்குப் பதினெட்டு வருடம் எடுத்தது.

உம்மாவும் வாப்பாவும் இப்போது அந்த வீட்டின் பின்னறையில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அங்கே ஒரு குழந்தை பிறக்க இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். தங்கச்சிக்கும் சாச்சிக்கும் சாச்சாவுக்கும், தோளில் தூக்கி ஓடிய அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கும் துஆச் செய்யுங்கள்.