கவசமின்றிப் பிறந்தவர்கள்

கர்ணன் கவசகுண்டலங்களோடு பிறந்தான். ஏகலைவன் வெறுங்கையோடு பிறந்து, இடைவிடாப் பயிற்சியினால் வில்லாளி ஆனான். நம் பழங்கதைகள் இவ்விருவகை வீரரையும் அறியும். படங்களால் கதை சொல்லும் சித்திரக்கதை உலகிலும் இந்த வேறுபாடு உண்டு. 1938ஆம் ஆண்டில் அமெரிக்க இதழொன்றில் தோன்றிய சூப்பர்மேன் வேற்றுக்கோளில் பிறந்தவர். அவருடைய வலிமை பிறப்பிலேயே வாய்த்தது. அவருக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தோன்றிய நாயகர் இருவரோ நம்மைப் போன்று எலும்பும் தசையுமாகப் பிறந்தவர்கள். ஒருவர் 1936இல் லீ பால்க் படைத்த ஃபேண்டம். மற்றவர் 1939இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் படைத்த பேட்மேன். குண்டு பட்டால் இருவர் உடலிலும் குருதி வழியும். உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். அவ்வாறாயின், அவர்களைக் கண்டு தீயோர் அஞ்சுவது ஏன்?

தமிழுக்கு வந்த முகமூடிகள்

இந்தியச் சிறுவர்களுக்கு ஃபேண்டத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அதனோடு சேர்ந்துகொண்டன. தமிழில் ஃபேண்டம் ‘வேதாளர்’ ஆனார். ‘மாயாவி’ என்னும் பெயரும் பெற்றார். கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த அந்தப் புத்தகங்கள், கோடை விடுமுறைகளில் தாமிரபரணிக் கரை ஊர்களையும் எட்டின.

அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுள் ஒருவர், வண்ணார்பேட்டையில் வாழும் முதியவர். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேத்தி, திரைப்படங்களின் வழியே பேட்மேனை அறிந்தவள். இருவருக்கும் இடையே இது தீராத வழக்கு.

“வேதாளருக்குச் சாவே கிடையாது, தெரியுமாட்டி?” என்பார் தாத்தா.

“அவரும் செத்துத்தான் போறாரு தாத்தா. அப்பாவுக்குப் பிறகு மகன் அந்த முகமூடிய மாட்டிக்கிடுதாரு. அவ்வளவுதான்” என்பாள் பேத்தி.

அவள் சொல்வது உண்மை. வேதாளரின் பெருமை முழுவதும் அந்த ‘அவ்வளவுதான்’ என்னும் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

பெயரே வலிமை

கதைப்படி 1536ஆம் ஆண்டில் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகின்றனர். தந்தையைப் பறிகொடுத்த இளைஞன் ஒருவன் கரையொதுங்குகிறான். கொலைஞனின் மண்டையோட்டின்மீது கைவைத்து, கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் ஒழிக்கத் தானும் தன் வழித்தோன்றல்களும் வாழ்வோம் என்று அவன் சூளுரைக்கிறான். அன்று முதல் தந்தைக்குப்பின் மகன் என அப்பொறுப்பு தொடர்கிறது. நாம் படிக்கும் கதைகளின் நாயகர் இருபத்தொன்றாம் தலைமுறையினர்.

உடையும் முகமூடியும் மாறாததால், உலகம் அவரை நானூறு ஆண்டுகளாக வாழும் ஒரே மனிதர் என்று நம்புகிறது. ஆயுதத்தைக் காட்டிலும் இந்த நம்பிக்கையே அவருக்குப் பெருங்காவல். மண்டையோட்டுக் குகையில் ஒவ்வொரு தலைமுறையினரும் எழுதிவைத்த குறிப்பேடுகள் வரிசையாக உள்ளன. முன்னோர் கண்ட வெற்றியையும் தோல்வியையும் படித்துத்தான் அடுத்தவர் தொழிலைக் கற்கிறார். ஒரு மனிதரின் வாழ்நாள் போதாத பணியை ஒரு பெயர் சுமந்து செல்கிறது.

பயிற்சியே வலிமை

பேட்மேனின் தொடக்கமும் ஓர் இழப்பே. சிறுவன் புரூஸ் வெய்னின் கண்ணெதிரே அவன் பெற்றோரைத் திருடன் ஒருவன் சுட்டுக் கொல்கிறான். அச்சிறுவனும் சூளுரைக்கிறான். ஆனால், அவனுக்கு வழிகாட்ட முன்னோரின் குறிப்பேடுகள் இல்லை. காத்து நிற்கும் காடும் இல்லை. ஆண்டுக்கணக்கில் உடலைப் பழக்குகிறான், அறிவியல் கற்கிறான், துப்பறியும் கலையில் தேர்கிறான். துப்பாக்கியால் பெற்றோரை இழந்தவன் என்பதால், பிற்காலக் கதைகளில் அவன் துப்பாக்கி ஏந்துவதே இல்லை. வேதாளரோ இடையில் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு திரிபவர். எனினும், பெரும்பாலும் எதிரியின் கையிலுள்ள ஆயுதத்தையே குறிவைப்பவர்.

இருவரும் அச்சத்தைக் கருவியாகக் கொள்கின்றனர். வேதாளரின் அச்சம் கதையாகப் பரவி, அவருக்கு முன்பே சென்று நிற்கிறது. பேட்மேனின் அச்சம் இருளிலிருந்து திடீரெனப் பாய்கிறது. வேதாளர் தாம் பெற்ற கடமையைத் தம் மகனுக்கு அளிக்கப் பிறந்தவர். பேட்மேன் தானே தேர்ந்துகொண்ட கடமையைத் தன் உடலால் சுமப்பவர்.

பேத்தியின் வினா

ஒருநாள் பேத்தி கேட்டாள்: “ரெண்டு பேருமே சொத்து வாங்குனவங்கதான, தாத்தா? ஒருத்தருக்குப் பணம், இன்னொருத்தருக்குப் பேரு. ஒண்ணுமே கிடைக்காதவன் என்ன செய்வான்?”

தாத்தா உடனே விடை கூறவில்லை. வினா அத்தனை எளிதன்று. புரூஸ் வெய்ன் பெருஞ்செல்வரின் ஒரே மகன். அவருடைய ஊர்தியும் கருவிகளும் அச்செல்வத்தால் ஆனவை. வேதாளருக்கு இருபது தலைமுறையின் புகழ் பிறந்தபோதே காத்திருந்தது. அன்றியும், காட்டுமக்களைக் காக்க வெளியிலிருந்து வந்த வெள்ளையர் ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம், பேரரசுகள் உலகை ஆண்ட காலத்தின் எண்ணம். கதையின் ‘பெங்காலா’ என்னும் நாட்டுப்பெயர் வங்காளத்தை நினைவூட்டியதால், இந்திரஜால் பதிப்பில் அது ‘டெங்காலி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறியது, காப்பவர், காக்கப்படுபவர் என்னும் அடுக்கு மாறவில்லை. ஆகவே, பிறவி ஆற்றல் இல்லாத நாயகர் என்று நாம் கொண்டாடும் இருவருக்கும் பிறப்பால் வந்த கவசம் ஒன்று இருக்கவே செய்கிறது.

அக்கவசங்களைக் கழித்துவிட்டால் எஞ்சுவது என்ன? பிறர் துன்பத்தைத் தன் பொறுப்பாக ஏற்கும் உறுதியும், அதற்காகத் தன்னை ஆயத்தப்படுத்தும் பயிற்சியும் எஞ்சும். இவை எவருடைய குடும்பச் சொத்தும் அல்ல.

ஆறு கண்ட நாயகர்கள்

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் வண்ணார்பேட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகே துணை. அரசு அலுவலரான சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து அங்கே பாலம் எழுப்பினார். 1843இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செல்வம் ஒருவருக்குக் கவசமாவதும் உண்டு. ஊருக்கு வழியாவதும் உண்டு.

செல்வமும் பெயரும் இல்லாதவர்களின் முறை 2023 டிசம்பரில் வந்தது. அம்மாதம் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்து குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அப்போது கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து, நீர் சூழ்ந்த மக்களை மீட்டனர். ஸ்ரீவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டியின் பயணியர் ஏறத்தாழ 800 பேர் சிக்கினர். அருகிலிருந்த புதுக்குடி ஊர்மக்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர்.

பேட்மேனை உருவாக்கியவர்களுள் ஒருவரான பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். படைப்பாளர் வரிசையில் அவருடைய பெயர் முறையாக இடம்பெற்றது 2015இல்தான். படகு செலுத்தியவர்களும் உலை வைத்தவர்களும் அந்த அளவுக்குக்கூடப் பெயர் எதிர்பார்த்தவர்கள் அல்லர். பெருவெள்ளத்தில் படகைத் திருப்பும் திறமை அன்று காலையில் வந்ததன்று. அலைகளுக்கிடையே நாள்தோறும் பழகிப் பழகிக் கைவந்தது. நீச்சல், முதலுதவி, படகு செலுத்துதல், பலர்க்குச் சமைத்தல் என ஒவ்வொருவரும் கற்கக்கூடிய ஒரு கலை உண்டு. பேத்தியின் வினாவுக்கு விடை அங்கே தொடங்குகிறது.