காயின்டாவில் ஒரு ஆச்சி

அப்பாவுக்கு மணிலாவில் ஓர்டிகாஸ் பக்கம் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் கிழக்கே காயின்டாவில் வீடு பிடித்தார். 1980களின் கடைசி அது.

டிசம்பர் 16 வந்தால் ஊருக்கே வேறு களை. கிறிஸ்துமஸ் வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை. பூசைக்குப் போகாத எங்களுக்கும் நாலு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். காரணம், பிபிங்கா. மாதா கோவில் பக்கம் ஒரு பாட்டி அடுப்பு போட்டிருப்பார். 'லோலா' என்றுதான் கூப்பிடுவோம். அரைத்த அரிசிமாவில் தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றுவார். கீழே கரிக்கங்கு, மேலே மூடிய தகரத்திலும் கங்கு. மாவு லேசாக இறுகியதும் உப்பில் ஊறிய வாத்துமுட்டைத் துண்டை வைத்து மறுபடி மூடுவார். இலையின் ஓரம் கருகும் வாசனை வந்தால் பதம் சரி. எங்களுக்கு முட்டை கிடையாது; பதிலுக்குத் தேங்காய்த்துருவல் இன்னொரு கை. "ஆப்பத்துக்கு மேலயும் தீ வச்ச மாதிரில்லா இருக்கு" என்பாள் அம்மா.

லோலா நல்ல கறுப்பு. சுருட்டை முடி, எடுப்பான மூக்கு. "ஏங்க, நம்ம பக்கத்து ஆச்சி மாதிரியே இருக்காங்களே!" என்று வியந்து அம்மா தமிழிலேயே பேசிப் பார்த்தாள். லோலா சிரித்தார். அவருக்குத் தெரிந்தது தகலாக் மட்டும்.

ஆபீஸில் விசாரித்து அப்பா ஒரு கதை கொண்டுவந்தார். 1762இல் ஸ்பெயினோடு சண்டை மூண்டபோது, மதராஸில் கப்பலேறிய பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது. கும்பெனிச் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். 1764இல் படை திரும்பியபோது அவர்களில் சிலர் கப்பலேறாமல் காயின்டாவிலேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். எல்லாரும் தமிழர்கள் என்று உரிமை கொண்டாட முடியாது. மதராஸ் படையில் பல பாஷைக்காரர்கள் உண்டு. அம்மாவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நம்ம ஆளுதான்!

அதற்கும் முந்தைய கதையும் ஊருக்கு உண்டு. 1571இல் ஸ்பானியர் வந்தபோது பணியாமல் எதிர்த்து நின்ற ஊர் இது. அந்த மாதா கோவிலும் 1899இல் அமெரிக்கர்களோடு நடந்த போரில் எரிந்தது. நாங்கள் பார்த்த கோவிலில் முகப்புதான் பழையது. மற்றதெல்லாம் 1960களில் கட்டியது. பழைய கல்லின் பொந்துகளில் பல்லி தேடுவது எனக்கும் தம்பிக்கும் முழுநேர வேலை.

ஒருநாள் அப்பா லோலாவிடம் பூர்வீகம் கேட்டார். அப்பன் பாட்டன் எல்லாரும் காயின்டாதான் என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல. சிப்பாய்க் கதையைச் சொன்னதும் தலையாட்டினார். கண் அடுப்பில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய பேரன் கஞ்சி வேண்டாம் என்று அடம்பிடித்தான். லோலா சட்டென்று அப்பாவைக் கைகாட்டி, "சாப்பிடலேன்னா பும்பாய் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டினார். அங்கே இந்தியர் எல்லாருமே பும்பாய், பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி. எங்களைவிட ஒரு மாற்று கறுப்பான அந்தப் பையன் வீறிட்டு அழுதுகொண்டே கிண்ணத்தைக் காலி பண்ணினான்.

மறுநாளிலிருந்து பிபிங்கா வாங்க அம்மாவை அனுப்பினார் அப்பா.