கல்லாய்ப் போன காட்டில் ஒரு பகல்

அரிசோனாவுக்கு வருகிறவர்கள் கிராண்ட் கேன்யனை எட்டிப் பார்த்ததோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஹோல்புரூக் பக்கத்தில் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வண்டியைத் திருப்புகிறவர்களிலும் பலர் நான்கு படம் எடுத்துக்கொண்டு மறுபடி நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள். அந்த இடத்தை அப்படிப் பார்க்கவே முடியாது. பணி ஓய்வு எனக்கும் என் கணவருக்கும் கொடுத்த பெரிய செல்வம், கடிகாரத்தைப் பார்க்காமல் ஓரிடத்தில் நிற்கலாம் என்பதுதான். அதை அங்கே ஒரு நாள் முழுக்கச் செலவழித்தோம்.

முதல் நாள் இரவு ஹோல்புரூக்கில் தங்கி, காலையில் தெற்கு வாசல் வழியாக நுழைந்தோம். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நடைபாதை. இரு பக்கமும் அடிமரங்கள் கிடக்கின்றன. பட்டையின் வரி, கணு, கிளை முறிந்த இடம் எல்லாம் அப்படியே இருப்பதால் கண் அதை மரம் என்றே நம்புகிறது. கையை வைத்தால் கல். குறுக்கு வெட்டில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் ஒன்றில் ஒன்று கரைந்து கிடக்கின்றன. நடுவில் பொந்து விழுந்த இடத்தில் படிகங்கள் மினுங்குகின்றன. சிவப்பும் மஞ்சளும் இரும்பின் வேலை, கறுப்பு மாங்கனீசின் வேலை.

ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பாலை, நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆறுகள் ஓடிய பசுங்காடு. ஆற்றில் சாய்ந்த மரங்களை வண்டல் சட்டென்று மூடிவிட்டதால், காற்றுப் படாமல் அவை மக்காது நின்றன. எரிமலைச் சாம்பலில் இருந்த சிலிக்கா நீரில் கரைந்து மரத்துக்குள் இறங்கி, அணு அணுவாக அதைக் கல்லாக்கியது.

"யார் இப்படி ரம்பம் போட்டு அறுத்து வச்சது?" என்று இவர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம். அவ்வளவு நேராக, துண்டு துண்டாக இருந்தன. யாரும் அறுக்கவில்லையாம். படிகக்கல் வளைந்து கொடுக்காது; நிலம் மேலே எழும்பியபோது தாங்காமல் குறுக்கே உடைந்திருக்கிறது.

எங்கள் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். "ஏங்க, திருவக்கரையில பார்த்த மாதிரியே இல்ல?" என்றேன். "அது பேத்தி, இது கொள்ளுப்பாட்டி" என்றார். உண்மைதான், திருவக்கரைக் கல்மரங்களுக்கு 2 கோடி ஆண்டு வயது என்பார்கள். அந்த ஊர்க் கோயிலில் வக்கிரகாளியைக் கும்பிட வரும் கூட்டத்தில் அங்கேயுள்ள கல்மரப் பூங்காவுக்குள் கால் வைக்கிறவர்கள் எத்தனை பேர்? அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அரிசோனா பூங்காவில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. எடுத்துப் போனவர்கள் பிற்பாடு மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாத கல்லை மறுபடி மண்ணில் வைத்தால் ஆராய்ச்சி குழம்பிவிடும். அதனால் திரும்பி வந்தவற்றை ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் ஆகாமல் காட்டுக்கும் ஆகாமல் போன கற்கள் அவை. கேட்டபோது மனசு கனத்தது.

அங்கிருந்த ஒரு மேசையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு வடக்கே கிளம்பினோம். ஓடையின் குறுக்கே பாலம் போலக் கிடக்கும் 110 அடி கல்மரத்துக்கு 1917-இல் கீழே கான்கிரீட் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விழ விட்டிருக்கலாம் என்பது என் கட்சி, "விட்டிருந்தா நீ எதைப் பார்ப்ப?" என்பது அவர் கட்சி. புளூ மேசாவின் நீலச் சாம்பல் குன்றுகளைக் காருக்குள் இருந்தபடியே பார்த்தோம். கீழே இறங்கும் நடைபாதை முழங்காலுக்கு ஒத்துவராது.

பழைய ரூட் 66 சாலை பூங்காவைக் கடந்த இடத்தில், 1932-ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று துருவேறி நிற்கிறது. சாலை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அது போன தடத்தைத் பழைய தொலைபேசிக் கம்பங்கள் மட்டும் காட்டுகின்றன. இவர் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

வடகோடியில் பெயின்டட் டெசர்ட் இன் என்ற பழைய விடுதி. 1940-களின் கடைசியில் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் அதைப் புதுப்பித்தபோது, ஹோப்பி இன ஓவியர் ஃபிரெட் கபோட்டி சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில், ஹோப்பி இளைஞர்கள் தொலைவில் உள்ள ஜூனி உப்பு ஏரிக்கு உப்பெடுக்கப் போகும் பயணம். அதன் முன்னால் நின்றோம், வழியில் அவர்களுக்கு நேர்வதை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி.

போக நினைப்பவர்கள் தெற்கில் தொடங்கி வடக்கே முடியுங்கள். சாய்ந்த வெயிலில்தான் வடக்கே உள்ள பெயின்டட் டெசர்ட் பாலையின் சிவப்பு ஏறும். 45 கிலோமீட்டர்தானே என்று அரை நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர் நிறைய வேண்டும். மாலையில் வாசலைப் பூட்டிவிடுவார்கள். நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.